பிழையைப் படிக்கக் கற்றுக்கொண்ட கருவி: அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வளர்ந்த வழி

ஸ்கேன் சென்டரில் வயிற்று ஸ்கேனுக்காகக் காத்திருந்தவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமாக இருக்கும்: "தண்ணி குடிச்சீங்களா? யூரின் முட்டுதா?" இல்லை என்றால் இன்னொரு பாட்டில் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி மறுபடி உட்கார வைத்துவிடுவார்கள். உள்ளே போனதும் வயிற்றில் சில்லென்று ஜெல் தடவுவார்கள். சில வருடங்களுக்கு முன் அம்மாவை அழைத்துப் போயிருந்தபோது அவர் கேட்டார்: "உள்ளே இருக்கறதைப் படம் எடுக்க எதுக்குப்பா இவ்வளவு தண்ணி?" எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துகொள்ளலாம் என்று படிக்க ஆரம்பித்தவன் இன்னும் நிறுத்தவில்லை.

எல்லாம் காற்றுக்காகத்தான். அல்ட்ராசவுண்ட் என்பது கதிர்வீச்சு அல்ல, வெறும் ஒலி. நம் காதுக்கு விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் எட்டும். ஸ்கேன் கருவி பயன்படுத்துவது 20 லட்சம் முதல் 1.5 கோடி அதிர்வுகள் வரை. உடலில் வைத்து நகர்த்தும் கைக்கருவிக்கு புரோப் என்று பெயர். அதன் முனையில் இருக்கும் படிகங்கள் மின்சாரம் பட்டால் அதிரும், அதிர்வு பட்டால் மின்சாரம் தரும். கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டுபிடித்த பண்பு இது. கருவி ஒலியை அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கும். மென்மையான திசுக்களில் ஒலி விநாடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் போகும். 1 சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்ப 13 மைக்ரோசெகண்ட் ஆகும். எதிரொலி திரும்பிய நேரத்தை ஆழமாகவும் அதன் பலத்தைப் புள்ளியின் வெளிச்சமாகவும் மாற்றினால் படம் வந்துவிடும்.

கல்லீரலிலிருந்து சிறுநீரகத்துக்குள் ஒலி நுழையும்போது சிறு பங்குதான் திரும்பி வரும், மீதி உள்ளே போகும். ஆனால் வழியில் காற்று இருந்தால் கிட்டத்தட்ட 99.9 சதவீதம் அங்கேயே மோதித் திரும்பிவிடும். அதற்கு அப்பால் எதுவும் தெரியாது. தோலுக்கும் புரோப்புக்கும் நடுவே இருக்கும் மெல்லிய காற்றை விரட்டத்தான் ஜெல். சிறுநீர்ப்பை நிறைந்தால் வாயு நிரம்பிய குடலை மேலே தள்ளிவிட்டு, கருப்பையைப் பார்க்க ஒரு தண்ணீர் ஜன்னல் போல நிற்கும். வெறும் வயிற்றோடு வரச் சொல்வதும் கொஞ்சம் இதனால்தான். சாப்பிட்டால் வாயு சேரும், பித்தப்பையும் சுருங்கிவிடும், உள்ளே கல் இருந்தால் கண்ணில் படாமல் போகலாம்.

இந்தக் கருவியின் வரலாற்றைப் படிக்கப் படிக்க ஒன்று புலப்பட்டது. படிகமும் கம்ப்யூட்டரும் மேம்பட்டதால் படம் தெளிவானது உண்மை. ஆனால் மருத்துவத்தைத் திருப்பிப்போட்ட பல முன்னேற்றங்கள் வேறு வழியில் வந்திருக்கின்றன. ஒரு தலைமுறை தொந்தரவு, குறை, பிழை என்று ஒதுக்கியதை அடுத்த தலைமுறையில் யாரோ ஒருவர் உற்றுப் பார்த்திருக்கிறார். எல்லோரும் எதிரியாக நினைத்த காற்று உட்பட.

முதல் பிழை ஒரு சோகக் கதை. ஆஸ்திரிய மருத்துவர் கார்ல் டுசிக், மண்டை ஓட்டின் ஒரு பக்கமிருந்து ஒலியை அனுப்பி மறுபக்கம் வாங்கி, மூளைக்குள் இருக்கும் நீர் அறைகளைப் படம் பிடித்துவிட்டதாக 1942இல் அறிவித்தார். 1950களின் தொடக்கத்தில் மற்றவர்கள் சோதித்தபோது, அந்தப் படங்களில் தெரிந்த வடிவம் மண்டை ஓட்டு எலும்பு உண்டாக்கிய தோற்றம் என்று தெரியவந்தது. கருவி பொய் சொல்லவில்லை, எலும்பைப் பற்றி உண்மையைத்தான் சொன்னது. கேட்டவர் அதை மூளையைப் பற்றியதாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

பிறகு வந்தவர்கள் கப்பல் கட்டும் இடத்திலிருந்தும் கொதிகலன் தொழிற்சாலையிலிருந்தும் கருவியைக் கடன் வாங்கினார்கள். உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஒலியால் பார்க்கும் கருவிகள் அவை. சுவீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் என்ற இதய மருத்துவரும் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் 1953இல் அப்படியொரு கருவியை நெஞ்சில் வைத்து இதயச் சுவரின் அசைவைப் பதிவு செய்தார்கள். நாம் இன்று "எக்கோ" என்று சொல்வதன் தொடக்கம் அது. அதிர்வெண்ணின் அலகுக்குப் பெயர் கொடுத்த ஹைன்ரிக் ஹெர்ட்ஸின் குடும்பத்தைச் சேர்ந்தவர்தான் இந்த ஹெர்ட்ஸும்.

கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்ட், 1955 ஜூலையில் அறுவை சிகிச்சையில் அகற்றிய கருப்பைக் கட்டிகளையும் சினைப்பை நீர்க்கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் நிறுவனத்துக்குப் போனார். நீர்க்கட்டிக்குள் எதிரொலி இல்லை, தசைக்கட்டிக்குள் இருந்தது. அந்த வேறுபாடு போதும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளரும் ஜான் மெக்விகார் என்ற மருத்துவரும் கூடச் சேர்ந்தார்கள். ஒரு பெண்ணுக்கு வயிறு வீங்கியிருந்தது. இரைப்பைப் புற்றுநோய், அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். டொனால்டின் கருவி உள்ளே பெரிய நீர்க்கட்டி இருப்பதைக் காட்டியது. அதை அகற்றினார்கள், அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். 1958 ஜூனில் லான்செட் என்ற மருத்துவ இதழில் மூவரும் கட்டுரை வெளியிட்டார்கள்.

சரி, படம் வந்துவிட்டது. அப்புறம்தான் கதை சுவையாகிறது.

அசைகிற பொருளில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் சற்று மாறும். தண்டவாளத்தில் ரயில் நம்மைக் கடக்கும்போது ஹாரன் சத்தம் கீழிறங்குவது இதனால்தான். கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் சொன்னது. 1950களின் நடுவில் ஒசாகாவில் ஷிகியோ சடோமுரா இதை இதய அசைவுக்கும் ரத்த ஓட்டத்துக்கும் பயன்படுத்தினார். 1980களில் ஜப்பானிலிருந்தே கலர் டாப்ளரும் வந்தது. திரையில் சிவப்பு தெரிந்தால் தமனி, நீலம் தெரிந்தால் சிரை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வழக்கமாக புரோப்பை நோக்கி வரும் ரத்தம் சிவப்பு, விலகிப் போவது நீலம். புரோப்பைத் திருப்பிப் பிடித்தால் அதே குழாய் நிறம் மாறிவிடும். காலில் ரத்தம் உறைந்து சிரை அடைத்திருக்கிறதா, கழுத்துத் தமனி சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க இன்று முதலில் கேட்பது டாப்ளர்தான்.

டாப்ளர் செய்ததில் என்னை மிகவும் நெகிழ வைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தாயின் ரத்த வகை ஆர்எச் நெகட்டிவ், குழந்தையுடையது பாசிட்டிவ் என்றால், சில சமயம் தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்கள் குழந்தையின் சிவப்பணுக்களை அழித்துவிடும். கருவிலேயே கடுமையான ரத்தசோகை வரும். குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய, பல ஆண்டுகள் தாயின் வயிற்றில் ஊசி குத்திப் பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்க வேண்டியிருந்தது, அதுவும் திரும்பத் திரும்ப. ஒவ்வொரு குத்தலுக்கும் ஆபத்து உண்டு. ஆனால் ரத்தசோகை உள்ள குழந்தையின் ரத்தம் நீர்த்திருக்கும், இதயம் வேகமாக இறைக்கும், மூளைக்குப் போகும் நடுத் தமனியில் ரத்தம் விரைந்து ஓடும். அந்த வேகத்தை வெளியிலிருந்து அளந்தால் போதும் என்று 2000ஆம் ஆண்டில் ஜியான்கார்லோ மாரியும் குழுவினரும் காட்டினார்கள். அந்த வாரத்துக்குரிய நடுமதிப்பைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் எச்சரிக்கை. அதன்பின் தேவைப்பட்ட குழந்தைக்கு மட்டும், ஸ்கேனைப் பார்த்தபடியே தொப்புள்கொடியில் ஊசி செலுத்தி ரத்தம் ஏற்றுவார்கள். இன்னும் பிறக்காத குழந்தைக்கு ரத்தம் ஏற்றுகிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. கதிர்வீச்சு இல்லை என்பதால் ஒலிக்கு விளைவே இல்லை என்று ஆகாது. திசு கொஞ்சம் சூடாகும். டாப்ளர் ஒரே இடத்தில் கூடுதல் ஆற்றலைச் செலுத்துவதால், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தேவையின்றி அதைப் பயன்படுத்த வேண்டாம் என்பது வழக்கம். மருத்துவத் தேவைக்குச் செய்யும் ஸ்கேனுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆசைக்கு முகம் பார்க்க மணிக்கணக்கில் செய்வது வேறு.

அடுத்த பிழை இன்னும் நுட்பமானது. ஒலி அலை திசுவுக்குள் போகப் போகத் தன் வடிவத்தை இழக்கும். அழுத்தம் கூடிய பகுதி சற்று வேகமாகவும் குறைந்த பகுதி சற்று மெதுவாகவும் போவதால் அலை கோணலாகும். 2 மெகாஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 20 லட்சம் அதிர்வுகளில், அனுப்பினால் 4 மெகாஹெர்ட்ஸில் ஒரு சிறு ஒலி தானாகக் கூடச் சேரும். இது நெடுங்காலம் கணக்கில் வராத குறையாக இருந்தது. 1990களில் அனுப்பிய ஒலியை விட்டுவிட்டு இந்தக் கூடுதல் ஒலியை மட்டும் கேட்டுப் பார்த்தார்கள். படம் பளிச்சென்று வந்தது. தோலுக்கு அடியில் கொழுப்பில் பட்டுச் சிதறுவதுதான் படத்தை மங்கலாக்கும் முக்கியக் காரணம். அலை அந்த மேல்மட்டத்தைக் கடக்கும்போது கோணல் இன்னும் உருவாகியிருக்காது, அதனால் அங்கிருந்து வரும் குப்பையும் குறைவு. பருமனான உடல்வாகு கொண்டவர்களுக்கு இதனால் கிடைத்த நன்மை பெரியது. இன்று பெரும்பாலான கருவிகளில் ஹார்மோனிக் என்ற இந்த முறை சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

உண்மையில் அந்த ஆராய்ச்சி தொடங்கியது குமிழிகளுக்காக. 1968இல் அமெரிக்காவின் ரோசெஸ்டரில் கிராமியாக், ஷா என்ற இருவர், இதயத்துக்குள் ஊசி மூலம் திரவம் செலுத்தும்போது திரையில் மேகம் போல எதிரொலி எழுவதைப் பதிவு செய்தார்கள். திரவத்தோடு போன சிறு குமிழிகள்தான் காரணம். ஒலியை முற்றிலும் தடுக்கும் காற்றை, மிகச் சிறு துளிகளாக்கி ரத்தத்தில் விட்டால் அதுவே விளக்காகிவிடுகிறது! இன்று பயன்படுவது சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு வாயுவை மெல்லிய கொழுப்பு உறையில் அடைத்த குமிழிகள். சராசரி அளவு சுமார் 2.5 மைக்ரோமீட்டர், அதாவது சிவப்பணுவைவிடச் சிறியவை. ரத்தக் குழாயை விட்டு வெளியே போகாது. வேலை முடிந்ததும் வாயு நுரையீரல் வழியாக மூச்சில் வெளியேறிவிடும். சிறுநீரகத்துக்கு வேலையே இல்லை. சிடி ஸ்கேனில் செலுத்தும் மருந்து சிறுநீரகம் கெட்டவர்களுக்குக் கவலை தரும் விஷயம் என்பதால், அவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

கல்லீரலில் ஒரு கட்டி தெரிந்தால் அது எது என்று சொல்ல இந்தக் குமிழிகள் உதவும். கைநரம்பில் ஊசி போட்டுவிட்டு மருத்துவர் கட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார். கல்லீரல் செல்லிலேயே தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் முதல் அரை நிமிடத்தில் சுற்றியிருக்கும் பகுதியைவிட வேகமாக ஒளிரும், பிறகு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனதும் மெதுவாக மங்கும். வேறு உறுப்பிலிருந்து பரவிய கட்டி பொதுவாக ஒரு நிமிடத்துக்குள்ளேயே மங்கிவிடும். ஹீமாஞ்சியோமா என்ற தீங்கற்ற ரத்தக்குழாய்க் கட்டி ஓரத்திலிருந்து உள்நோக்கி நிரம்பி, அப்படியே ஒளிர்ந்துகொண்டிருக்கும். ஒரே படத்தைப் பார்த்து ஊகிப்பதற்குப் பதில் கண்ணெதிரே நடப்பதைப் பார்க்கலாம்.

தொட்டுப் பார்த்து நோய் சொல்வது வைத்தியத்தின் மிகப் பழைய வழி. "வயிறு கல்லு மாதிரி இருக்கு" என்று கிராமத்தில் சொல்வார்கள். கெட்டியாக இருந்தால் சந்தேகப்படு என்பது கை அறிந்த உண்மை. ஆனால் கை எட்டாத ஆழத்தில் என்ன செய்வது? 1991இல் ஹூஸ்டனில் ஜோனாதன் ஓஃபிரும் குழுவினரும் திசுவை லேசாக அழுத்தி, அழுத்துவதற்கு முன்பும் பின்பும் வந்த எதிரொலிகளை ஒப்பிட்டு எது எவ்வளவு நசுங்குகிறது என்று படமாக்கினார்கள். அதற்கு எலாஸ்டோகிராஃபி என்று பெயர். பிறகு பாரிஸிலிருந்து ஃபைப்ரோஸ்கேன் வந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே புரோப் ஒரு சின்னத் தட்டு தட்டும். அந்த அதிர்வு கல்லீரலுக்குள் குளத்து அலை போல மெதுவாகப் பரவும், அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அல்ட்ராசவுண்ட் பின்தொடர்ந்து அளக்கும். கெட்டியான பொருளில் அலை வேகமாகப் போகும். அந்தக் கெட்டித்தன்மையைச் சொல்லும் அலகு கிலோபாஸ்கல். விநாடிக்கு 1.3 மீட்டர் என்றால் சுமார் 5 கிலோபாஸ்கல், அநேகமாக நல்ல கல்லீரல். 2 மீட்டர் என்றால் 12 கிலோபாஸ்கல், கவலைப்பட வேண்டிய எண்.

கொழுப்புக் கல்லீரல் என்று ரிப்போர்ட்டில் எழுதி வருவது இப்போது சர்வசாதாரணம். கொழுப்பு இருக்கிறது என்பதைவிட, தழும்பு விழ ஆரம்பித்துவிட்டதா என்பதுதான் முக்கியமான கேள்வி. முன்பு அதற்கு ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டும். எடுப்பது கல்லீரலில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு, குத்திய இடத்தில் நன்றாக இருந்து பக்கத்தில் கெட்டிருந்தால் தெரியாது. ஃபைப்ரோஸ்கேனில் 8 கிலோபாஸ்கலுக்குக் கீழ் வந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, ஊசி தேவைப்படாது. ஆனால் எண்ணைப் பார்த்ததும் பதற வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் போனால் கல்லீரலுக்கு ரத்தம் கூடுதலாக வந்து எண் ஏறும், குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும். மஞ்சள் காமாலை கடுமையாக இருக்கும்போதும் இதயம் பலவீனமாகி ரத்தம் தேங்கும்போதும் தழும்பே இல்லாமல் எண் உயரும்.

இப்படி ஓடும் அலையைப் படமாகவே பிடிக்க மிக வேகமான கருவி வேண்டியிருந்தது. வழக்கமான ஸ்கேன் ஒரு படத்தைக் கோடு கோடாக வரையும். 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கோடு வரைய ஏறக்குறைய 200 மைக்ரோசெகண்ட், 128 கோடு என்றால் விநாடிக்கு 40 படம் வரைதான் முடியும். ஒலியின் வேகம் விதித்த எல்லை அது. பாரிஸில் மத்தியாஸ் ஃபிங்க்கும் மிக்கேல் தாந்தேரும் கோடு வரைவதையே விட்டுவிட்டார்கள். முழுப் பரப்பையும் ஒரே தட்டையான அலையால் ஒரு தடவை ஒளியூட்டி, திரும்பி வருவதைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டால் விநாடிக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுக்கலாம். 2015இல் இதே வேகத்தையும் குமிழிகளையும் சேர்த்து, எலியின் மூளையில் ஒவ்வொரு குமிழியாகப் பின்தொடர்ந்து, சுமார் 10 மைக்ரோமீட்டர் அளவுக்கு நுண்ணிய குழாய்களின் வரைபடத்தை வெளியிட்டார்கள். அலைநீளத்தைவிடச் சிறியதைப் பார்க்க முடியாது என்ற பழைய விதியைச் சுற்றிப் போன வழி இது. மருத்துவமனைக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை, ஆனால் வரும் என்று நம்புகிறேன்.

இனி நுரையீரல். காற்று நிரம்பிய பை. அங்கே அல்ட்ராசவுண்டுக்கு வேலை இல்லை என்று பல பத்தாண்டுகள் கற்பித்தார்கள். திரையில் தெரிவது பிம்பங்களின் பிம்பங்கள், வெறும் பொய்த் தோற்றங்கள். பிரான்சில் தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவரான டேனியல் லிக்டன்ஸ்டீன், அந்தப் பொய்த் தோற்றங்கள் நோய்க்குத் தகுந்தபடி மாறுவதைக் கவனித்தார். நல்ல நுரையீரலில் மூச்சு விடும்போது உறை வழுக்கிச் செல்வது தெரியும். நேரத்தை நீட்டிப் போட்ட படத்தில் அது கடற்கரை போல இருக்கும், மேலே நேர்கோடுகளாகக் கடல், கீழே மணல். நெஞ்சுக்குள் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கியிருந்தால் மணல் மறைந்து பார்கோடு போல ஆகிவிடும். நுரையீரலில் நீர் கோத்திருந்தால் உறையிலிருந்து கீழ்வரை ஒளிக்கற்றைகள் இறங்கும், அவற்றுக்கு பி கோடுகள் என்று பெயர். மூச்சுத் திணறி வந்த 260 பேரிடம் இந்த முறை 90.5 சதவீதம் சரியான காரணத்தைச் சொன்னதாக 2008இல் எழுதினார். டயாலிசிஸ் செய்து நீர் குறையக் குறைய பி கோடுகள் ஒவ்வொன்றாக மறைவதைக் கண்ணால் பார்க்கலாம். கோவிட் காலத்தில் நோயாளியைச் சிடி அறைக்கு நகர்த்த முடியாத வார்டுகளில் இந்தக் கோடுகள் எவ்வளவு கைகொடுத்தன என்பது அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

இன்னும் பாடமாக மாறாமல் மீதியிருக்கும் பிழை, புரோப்பைப் பிடிக்கும் கை. எக்ஸ்ரேயை யார் எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே படம்தான். அல்ட்ராசவுண்ட் அப்படி அல்ல, சில பாகை சாய்த்தால் படமே வேறு. டாப்ளரில் கோணம் 60 பாகையைத் தாண்டினால் வேகக் கணக்கு வேகமாகத் தவறத் தொடங்கும். செயற்கை நுண்ணறிவு கைவைத்திருப்பது இங்கேதான். "கொஞ்சம் இடப்பக்கம், இன்னும் சாய்" என்று திரையில் வழிகாட்டும் மென்பொருளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் அனுமதி கொடுத்தது. எக்கோ எடுத்த அனுபவமே இல்லாத 8 செவிலியர்கள் அதன் துணையோடு 240 பேருக்கு இதயப் படம் எடுத்தார்கள். மிகப் பெரும்பாலானவை மருத்துவர் முடிவெடுக்கப் போதுமான தரத்தில் இருந்தன.

கருவியும் சட்டைப்பையில் அடங்கும் அளவுக்கு வந்துவிட்டது. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பட்டர்ஃப்ளை என்ற புரோப்பில் படிகமே கிடையாது, ஒரே சிலிக்கான் சிப்பில் ஏறக்குறைய 9,000 நுண் அதிர்விகள், போனில் செருகினால் வேலை முடிந்தது. இந்தியாவில் இதை அப்படி எடுத்துச் சுற்ற முடியாது. கருவின் பாலினத்தை அறிந்து பெண் கருவை அழிப்பதைத் தடுக்க 1994இல் சட்டம் வந்தது, 1996இல் அமலானது. 0 முதல் 6 வயது வரை ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991இல் 945 பெண் குழந்தைகள் இருந்தார்கள், 2001இல் 927. அந்த எண்ணுக்குப் பின்னால் இந்தக் கருவியும் இருந்தது என்பதை மறைக்க முடியாது. அதனால் ஒவ்வொரு கருவியும் பதிவு, ஒவ்வொரு கர்ப்பிணி ஸ்கேனுக்கும் படிவம். ஆம்புலன்ஸிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மூச்சுத் திணறலுக்குக் காரணம் சொல்லக்கூடிய கருவி எளிதில் கிடைக்காமல் போவது பெரிய இழப்புதான். ஆனாலும் சட்டத்தைத் தளர்த்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நுரையீரல், இதயப் பயன்பாட்டுக்குத் தனி வழி வகுப்பது பற்றி மருத்துவர்களும் அரசும் உட்கார்ந்து பேச வேண்டும்.

அந்தச் சட்டத்தின் தடத்தை ரிப்போர்ட்டின் அடியில் நீங்களே பார்க்கலாம். கருவின் பாலினத்தைக் கண்டறியவும் இல்லை, யாருக்கும் சொல்லவும் இல்லை என்று மருத்துவர் கையெழுத்திட்டிருப்பார். பெரும்பாலும் அதற்குப் பக்கத்தில் இன்னொரு வரி சின்ன எழுத்தில் இருக்கும். குழந்தை படுத்திருக்கும் விதம், பனிக்குட நீரின் அளவு, தாயின் உடல்வாகு ஆகியவற்றால் சில குறைகள் ஸ்கேனில் தெரியாமல் போகலாம் என்று. அதைச் சம்பிரதாயம் என்று தாண்டிப் போகாதீர்கள். அடுத்த முறை போகும்போது சோனாலஜிஸ்டிடம், "டாக்டர், எந்தப் பகுதி இன்னைக்குச் சரியாத் தெரியலை? மறுபடி எப்போ வந்து பார்க்கணும்?" என்று கேளுங்கள். தெரிந்ததை ரிப்போர்ட்டிலேயே எழுதிவிடுவார்கள், தெரியாததை நாம் கேட்டால்தான் சொல்வார்கள்.